ஐந்தரை அடிக் கோச்சும் ஓரின் க்ளிங்கரும்

ஜனவரி 6, 1987, செவ்வாய்
மறுபடியும் தோல்வி. எதிரணி நெட்டையன் ஒருவன் கூடைக்கு அடியில் நின்றுகொண்டு, எங்கள் பையன்கள் எறிந்த பந்தையெல்லாம் ஈ ஓட்டுவதுபோல் தட்டிவிட்டான். பத்தொன்பது வருடம் கூடைப்பந்து கோச்சாக இருந்து ஒரு வட்டாரக் கோப்பைகூட வாங்காதவன் இந்தியானா மாநிலத்திலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். இந்தத் தடவையும் இல்லையென்றால் பள்ளி வாரியம் என் சீட்டைக் கிழித்துவிடும்.

ஜனவரி 9
எங்களிடமும் ஒரு நெட்டையன் இருந்தான். ஓரின் க்ளிங்கர், ஆறடி ஒன்பது அங்குலம். டிசம்பரில் விலகிவிட்டான். இப்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பேண்டு வாத்தியக் குழுவில் உட்கார்ந்து டூபா என்ற பெரிய பித்தளைக் குழலை ஊதுகிறான். அதுவும் என் காதுக்கு நேராக!

என் மனைவி மாக்சின் சொல்கிறாள்: "அவன் கைக்குப் பந்து என்னிக்காவது போச்சா? நீங்க அஞ்சரை அடி. குட்டையன் ஓடினாத்தான் ஆட்டம்னு நினைப்பு. நெட்டையனைக் கண்டாலே உங்களுக்கு ஆகாது."

இதென்ன அபாண்டம்!

ஜனவரி 10
அபாண்டமில்லை. பழைய ஆட்டங்களின் படத்தை ஓடவிட்டுப் பார்த்தேன். நாலு ஆட்டத்தில் ஓரினுக்குப் போன பந்து ஏழு.

ஜனவரி 12
பேண்டு அறைக்குப் போனேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"திரும்பி வாடா."

"எதுக்கு கோச்? நின்னு வேடிக்கை பாக்கவா? இங்க ஊதினா சத்தமாவது வருது."

"பந்து முதல்ல உன் கைக்குத்தான் வரும். சத்தியம்."

"டெடி குடுப்பானா?"

டெடி எங்கள் நட்சத்திரம். என்னைப் போலவே குட்டை.

"குடுக்கலேன்னா அவன் பெஞ்சுல உக்காருவான்," என்றேன்.

பிப்ரவரி 3
ஓரின் திரும்பி வந்துவிட்டான். அவனுக்குப் பந்து கொடுக்காத டெடியை இரண்டு தடவை உட்கார வைத்தேன். கடைத்தெருவில் அவன் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகட்டும், ஜெயித்தோம்!

பிப்ரவரி 20
தொடர்ந்து ஐந்தாவது வெற்றி. ஓரின் கைக்குப் பந்து போனதும் இரண்டு மூன்று பேர் அவனை மொய்க்கிறார்கள்; டெடியைத் தடுக்க ஆளில்லை. இத்தனை வருடம் இது ஏன் என் மண்டையில் ஏறவில்லை? இப்போது "ஓரினுக்குக் குடு" என்று கத்துவது டெடிதான்.

பிப்ரவரி 28, சனி
கோப்பை எங்களுக்கு!!

கடைசிப் பத்து விநாடி, ஒரு புள்ளி பின்னால். பந்து ஓரினிடம். மூன்று பேர் அவன்மேல் விழுந்தார்கள். அந்த நெரிசலிலும் அவன் டெடிக்குத் தள்ளினான் — டெடி போட்டான்.

ஊரே டெடியைத் தோளில் தூக்கியது. ஓரின் எடுத்தது மொத்தமே ஆறு புள்ளி. அவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெயித்தவர்கள் ஏணி வைத்து ஏறி, கூடையின் வலையை ஆளுக்கொரு கண்ணியாக வெட்டுவது வழக்கம். கடைசிக் கண்ணி கோச்சுக்கு. கத்திரிக்கோலை ஓரின் கையில் கொடுத்தேன்.

"இது உங்களுது, கோச்."

"பேசாம ஏறுடா."

ஏணியை நான் பிடித்துக்கொண்டேன்.