உன் பெயரில்லாத கட்டுரை

நேற்றுப் போட்ட மாலையைக் காரின் பின் இருக்கையிலேயே விட்டுவிட்டேன். இன்று காலை கதவைத் திறந்தபோது வெந்து புளித்த பூவின் நாற்றம் முகத்தில் அடித்தது. நீ இறந்து ஒரு வருடமாகிறது. இவ்வளவு நாளும் உனக்கு எழுதத் துணியாதவள், அந்த நாற்றத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று மருத்துவ பீடத்தில் எனக்குப் பாராட்டு விழா. கருப்பை கீழிறங்கும் நோயைப் பற்றிய நம் கட்டுரைதான், பெண்கள் நலத்தில் இங்கிருந்து வெளியானவற்றுள் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டதாம். பதாகையில் அச்சடித்திருந்தார்கள். "எங்கள் பெண்களிடையே இந்த நோய் அரிது என்று முதன்முதலில் நிறுவியவர்" என்று பீடாதிபதி சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள்.

சண்டிலிப்பாயில் நாம் வீடு வீடாகப் போன மாதங்கள் உனக்கு நினைவிருக்கும். நான் விறாந்தையில் கதிரையில் இருந்து கேள்வித்தாளை வாசிப்பேன். பிள்ளை பெற்ற மூன்றாம் வாரமே புகையிலைத் தோட்டத்தில் இறங்கியவள் முன்னால் நிற்பாள். அவளுடைய மாமி, புருஷனின் தாய், கதவடியில் நிற்பார்.

"கீழே ஏதும் இறங்கிற மாதிரி இருக்கோ?"

"ஒண்டுமில்லை டொக்டர்."

'இல்லை' என்ற கட்டத்தில் கோடிட்டுவிட்டு நான் எழும்புவேன். நீயோ கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று கிணற்றடிக்குப் போய், அவளோடு அங்கேயே நின்றுவிடுவாய்.

"வீட்டுக்கு வீடு கால் கழுவிறாய். கோயிலுக்கே வெளிக்கிட்டனீ?" என்று பகிடி பண்ணினேன்.

"நீயும் ஒருக்கா வந்து கழுவு. அங்கை வேறை கதை நடக்குது."

தாள்களைத் தொகுத்து முடித்த அன்றுதான் நீ முறைத்துக்கொண்டு நின்றாய். "உவையள் இல்லையெண்டு உனக்குச் சொல்லேல்லை. மாமிக்குச் சொன்னவை. திரும்பப் போய்த் தனியக் கேப்பம்."

"இனி எங்கை போறது? கட்டுரை குடுக்கிற நாள் வந்திட்டுது."

"அப்ப என்ரை பேரை எடு."

"பேரில்லாட்டி பதவி உயர்வுக்கு உனக்குப் புள்ளி வராதடி."

"உனக்கு வரட்டும். வயிறு நிறையத் தின்."

எடுத்தேன். கட்டுரை அச்சானது. 'அரிது' என்ற அந்தச் சொல் ஒரு கட்டுரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. தோட்டப் பெண்களுக்கென்று தனிச் சிகிச்சை நாள் வேண்டுமென்று சிலர் கேட்டபோது, தேவையில்லை என்று வந்த அறிக்கையின் அடிக்குறிப்பிலும் என் பெயர் இருந்தது. அதையும் ஒரு மேற்கோளாக என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

போன மாதம் என் சிகிச்சை அறைக்கு ஒரு பெண் வந்தாள். இறங்கிய கருப்பையைப் பழைய சேலைத் துண்டால் தாங்கிக் கட்டியிருந்தாள். துணி உரசி, புண்ணாகி, சீழ் வைத்திருந்தது.

"எவ்வளவு காலமாய் இப்பிடி?"

"நீங்கள் வீட்டை வந்து கேட்டனீங்களெல்லோ, அப்பவும் இருந்தது."

"ஏன் சொல்லேல்லை?"

"மாமி நிண்டவ. உங்களோடை வந்த மற்ற டொக்டரிட்டைச் சொன்னனான். அவ உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

"சொன்னவ" என்றேன்.

எனக்கு வந்த அருவருப்பு அந்தப் புண்ணைப் பார்த்து வந்ததல்ல. அதைக் கழுவி மருந்திட்ட கையின் மேல், என் தாளில் 'இல்லை' என்று கோடிட்ட அதே கையின் மேல்தான், எனக்கு அருவருப்பு வந்தது. அப்படி வந்த பிறகும் நேற்று மாலைக்குக் கழுத்தை நீட்டியிருக்கிறேன்.

பேராசிரியர் பதவிக்கான நேர்முகம் அடுத்த மாதம். என் விண்ணப்பத்தைத் தூக்கி நிறுத்துவது அந்த ஒரு கட்டுரைதான். சற்று முன்பு, அதை மீளப்பெறும்படி சஞ்சிகைக்கு எழுதி அனுப்பிவிட்டேன். காரணம் என்ற இடத்தில், "கேள்வி கேட்ட நேரம் மாமிமார் பக்கத்தில் நின்றார்கள். பதில்களை நம்ப முடியாது என்று உடன் ஆய்வாளர் எச்சரித்தார். நான் கேட்கவில்லை" என்று எழுதினேன். உன் பெயரையும் எழுதினேன்.

அனுப்பியதும் நெஞ்சு கொஞ்சம் இலேசானது. அடுத்த கணமே, இந்தக் கடிதத்தையும் நாலு பேர் மேற்கோள் காட்டுவார்கள், நேர்மையானவள் என்று என் பெயர் வரும் என்று புத்தி கணக்குப் பார்த்தது. இத்தனை வருடமும் நான் வளர்த்த புத்தி அதுதான்; இன்னும் என்னோடேயே இருக்கிறது. நீ இருந்தால் என் முகத்தைப் பார்த்தே அதைப் பிடித்திருப்பாய். இனி ஒவ்வொரு முறையும் நானே பிடிக்க வேண்டும்.