ஊர்வலத்தை நிறுத்திய மிட்டாய்

சம்பந்தி,

இன்று காலையில் பக்கத்துத் தோட்டத்தில் டிராக்டர் விட்டிருக்கிறார்கள். சமையலறை ஜன்னல் வழியாக டீசல் புகை உள்ளே வந்தது. தோசைக் கரண்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். பெருந்துறையில் என் வீட்டு அடுப்பங்கரையில் நிற்பது மறந்து, அமெரிக்காவில் அந்த நடுரோட்டில், கையில் மிட்டாய்ப் பையோடு, முதுகுக்குப் பின்னால் பழைய டிராக்டர்கள் உறுமிக்கொண்டிருக்க நிற்பது போலவே இருந்தது. அந்தக் கதையை நான் முதலில் உங்களிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் இருந்திருந்தால் நான் அந்த நடுரோட்டுக்குப் போயிருக்கவே மாட்டேன் என்பது வேறு விஷயம்.

உங்கள் மகளும் என் மகனும் அந்த ஊரில் வீடு வாங்கிய பிறகு, நாம் ஆளுக்கு ஆறு மாதம் என்று முறை வைத்துப் பேத்தியைப் பார்த்துக்கொண்டோம். மில்லில் ஷிப்ட் மாறுவதுபோல நீங்கள் வந்து இறங்கினால் நான் ஏறுவேன். கிளம்பும் முன்னால் காந்திபுரத்தில் உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, அந்த வீட்டுச் சங்கதிகளைக் கேட்டுக்கொண்டு போவது வழக்கம். "ஏனுங் சம்பந்தி, அங்க கடுகு தாளிக்கறதுன்னா ஜன்னலத் தொறந்துபோட்டுத் தாளிங்க. இல்லீன்னா கூரையில இருக்கற மணி அலறும், தெருவே வந்து நிக்கும்" என்பீர்கள். "உங்களுக்கு அப்படி வந்தாங்களா?" என்று கேட்டால், "எனக்கு எதுக்குங்க வாராங்க, நான் டீச்சர்" என்று சிரிக்காமல் சொல்வீர்கள். தெரு வந்து நின்ற கதையை உங்கள் மகள் எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தாள்.

இங்கே பள்ளிக்கூடத்தில் ஆயுசு முழுக்கக் கணக்குப் பாடம் எடுத்த நீங்கள் அங்கே போய்த் தமிழ் டீச்சர் ஆனீர்கள். சம்பளமில்லாத வேலை. பெட்டியில் சேலைகளைக் குறைத்துக்கொண்டு பவானி ஜமக்காளம் கொண்டுபோய், கார் நிறுத்தும் கொட்டகையில் விரித்து, சனிக்கிழமை தோறும் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குழந்தைகளை உட்கார வைத்தீர்கள். உங்களை 'அமுச்சி' என்று கூப்பிடும் நம் இனியாதான் முதல் வரிசை. என் முறை வரும்போது வகுப்புக்கு லீவு. "அஞ்சாவதோட நின்ன நான் என்னத்தைங்க சொல்லிக் குடுக்கறது?" என்று நான் கழன்றுகொண்டால், "அந்தக் குழந்தைக ஒண்ணாவதுங்க சம்பந்தி. நடுவுல நாலு வருசம் இருக்குது, போதாதுங்களா?" என்று கணக்கிலேயே மடக்குவீர்கள். நான் இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக்கொள்வேன்.

கடைசியாக நீங்கள் வந்து இறங்கி, நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்த வாரத்தில் உங்களுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தது. நான் கோயமுத்தூர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உங்கள் மகள், இனியாவை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டுத் தனியாகத்தான் வந்தாள். காரியமெல்லாம் முடிந்ததும் அவளோடு நானும் விமானம் ஏறினேன்.

அங்கே போனால் பேத்தி தமிழை விட்டிருந்தாள். நாம் பேசுவது எல்லாம் புரிகிறது; பதில் மட்டும் இங்கிலீஷில். எனக்கு அது வராது என்று அவளுக்குத் தெரியும். "பசிக்குதா கண்ணு?" என்றால் தலை ஆடும். "அப்பத்தா மேல கோவமா சாமி?" என்றால் இல்லை என்று தலை ஆடும். அதற்கு மேல் எங்களுக்குள் ஒன்றுமில்லை. எதிரில் இருக்கும்போது தலையாட்டலையாவது பார்த்துக்கொள்ளலாம். ஆறு மாதம் முடிந்து ஊருக்கு வந்த பிறகு அவளிடம் எதைப் பேசுவேன், எதைக் கேட்பேன்? அந்தப் பயம் என்னைத் தூங்கவிடவில்லை.

அதனால்தான் உங்கள் இடத்தில் உட்கார்ந்தேன். வேறு பெருமைக்காக இல்லை. கொட்டகையில் சத்தம் கேட்டால் அவள் எட்டிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். மற்ற குழந்தைகள் வந்தார்கள். நானும் எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இனியா மட்டும் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஜூலை மாதம் அவர்களுடைய சுதந்திர தினம் வந்தது. ஊரே தெருவில் ஊர்வலம் போகிறது. தீயணைப்பு வண்டி, பள்ளிக்கூடத்து பேண்டு, பரம்பரையாக வைத்திருக்கும் டிராக்டர்கள் எல்லாம் உண்டு. அந்த வருஷம் நம் சனிக்கிழமை வகுப்புக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். என் மகன் ஓட்டிய திறந்த வண்டியில் ஜமக்காளத்தை விரித்து வாண்டுகளை உட்கார வைத்தோம். உங்கள் மகள் முன்னால் பேனர் பிடித்தாள். பெரிய குழந்தைகளோடு நான் வண்டிக்குப் பின்னால் நடந்தேன். இனியா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, ரோட்டோரம் பள்ளிக்கூடத் தோழிகளோடு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நடந்துக்கிட்டே ரெண்டு பக்கமும் மிட்டாய வீசணும். அதுதான் இங்க வழக்கம்" என்று மகன் பையைக் கொடுத்திருந்தான். 

"மனுசங்களுக்கா?" 

"ஆமாங்கம்மா." 

"கோழிக்குத்தான்டா தீனி வீசுவாங்க."

அவன் சிரித்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டான். நம் ஊரில் கொடியேற்றி முடித்தால் மிட்டாயைக் கையில்தானே கொடுப்பார்கள்? எனக்குக் கை எழவில்லை. ஓரமாக ஒதுங்கி, நாற்காலியில் இருந்த ஒரு பெரியவரிடம் போய், "வாங்கிக்குங்க" என்று நீட்டினேன். மனிதர் பதறி எழுந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு வாங்கினார். ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரை விடலாமா? அவர் பெண்டாட்டிக்கு, அந்த அம்மாவின் மடியில் இருந்த குழந்தைக்கு, அடுத்த குடும்பத்துக்கு என்று போய்க்கொண்டே இருந்தேன். டீச்சரான நான் செய்வதைப் பார்த்து வகுப்புக் குழந்தைகளும் ஆளுக்கொரு பக்கம் கையில் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். என் மகனின் வண்டி எங்கேயோ போய்விட்டது. பின்னால் வந்த டிராக்டர்கள் மொத்தமும் நின்றுவிட்டன. ஒருவர் ஹாரன் அடித்தார். அவருக்கும் எட்டி ஒரு மிட்டாய் கொடுத்தேன்.

ஊர்வலத்தை ஒழுங்கு செய்கிற மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் ஓடி வந்தார். கையைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னார். "நீங்களும் எடுத்துக்குங்க" என்று பையை நீட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கூட இருந்த குழந்தைகள் பயந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது அந்தக் குரல்.

"அப்பத்தா, சொன்னாக் கேளுங்க. ஊர்வலமே நின்னு போச்சு, இல்லீங்களா? எல்லாரும் நம்மளத்தான் பாக்கறாங்க, இல்லீங்களா?"

சம்பந்தி, அது உங்கள் 'இல்லீங்களா'. கடைசி எழுத்தை இழுத்து, பதில் வரும்வரை விடாமல் நிற்கும் டீச்சர் இழுப்பு. எட்டு வயதுப் பிள்ளை இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை அதட்டிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னால் எதையும் கேட்டிருப்பேன். ஆனால் மிட்டாயை மட்டும் வீசுவதாக இல்லை.

"வீசமாட்டேன் அம்மணி. அது நம்ம பழக்கமில்லைன்னு அவருகிட்டச் சொல்லு."

அவள் அவரிடம் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார், டிராக்டர்களைப் பார்த்தார், ஏதோ சொன்னார். "நிக்காம நடந்துக்கிட்டே குடுக்கச் சொல்றாரு. நீங்க இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். வெரசா வாங்க" என்று பையில் பாதியைத் தன் தொப்பியில் கொட்டிக்கொண்டு ஓடினாள். ரோட்டின் அந்தப் பக்கத்தில், தமிழே தெரியாத ஜனத்திடம், ஒவ்வொருவருக்கும் "வாங்கிக்குங்க, வாங்கிக்குங்க" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். அந்த ஊரில் அன்றைக்கு எத்தனை கொடி பறந்ததோ எனக்குத் தெரியாது. நான் பார்த்தது என் பேத்தியைத்தான்.

ஊர்வலம் முடிந்து நடைபாதையில் உட்கார்ந்து கால் நீட்டியபோது, நான் கேட்காமலேயே சொன்னாள். "உங்க பேச்சும் அமுச்சி பேச்சும் வேற வேற, அப்பத்தா. உங்ககிட்டப் பேசிட்டே இருந்தா அமுச்சி பேசினது மறந்துரும்னு நினைச்சேன்."

உங்கள் சாவுக்கும் அவள் வரவில்லை, உங்கள் முகத்தையும் கடைசியாகப் பார்க்கவில்லை. அவளிடம் மிச்சமிருந்தது உங்கள் பேச்சு ஒன்றுதான். அதன்மேல் என் பேச்சு விழுந்துவிடாமல் வாயை மூடிக் காத்திருக்கிறாள். அந்தச் சின்ன நெஞ்சுக்குள் அவ்வளவு இருந்ததா!

"நீ அமுச்சி மாதிரியே பேசு கண்ணு. நான் என்ற மாதிரி பேசிக்கறேன்" என்றேன். சரி என்று தலையாட்டப் போனவள், நிறுத்தி, "சரிங்க" என்றாள்.

நான் ஊருக்கு வந்த பிறகும் வகுப்பு நடக்கிறது, போனில் முகம் பார்த்து. போன வாரம் உங்கள் மகள் கேட்டாள்: "ஏனுங் அத்தை, அவ அப்படியே எங்கம்மா மாதிரிப் பேசறா. உங்க பேச்சு ஒண்ணுகூட ஒட்டலையே, வருத்தமுங்களா?"

"எதுக்கு அம்மணி வருத்தம்? என்ற பேச்சைப் பேசறதுக்குத்தான் நான் இருக்கறனே."

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். பாடத்துக்கு நடுவில், எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்தில், தெரியாதவள் போல நிறுத்திவிடுவேன். இனியா உடனே பிடித்துக்கொள்வாள். "அப்பத்தா, அது இப்படி வரும், இல்லீங்களா?" என்று ஆரம்பிப்பாள். நான் போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொள்வேன்.

"அப்பத்தா, உங்க காதுதான் தெரியுது" என்று அங்கே எல்லாக் குழந்தைகளும் சிரிக்கும். சிரிக்கட்டும் என்று அப்படியே வைத்திருக்கிறேன்.