வராத நான்கு யானைகள்

ஜெபராஜ் பெரியப்பா வீடு,
சானமாவுக் காட்டோரம், ஓசூர்.
ஞாயிறு மதியம்.

மாண்புமிகு வின்சி அக்கா அவர்களின் சமூகத்துக்கு,

ஈப்போ வாழ் பெருமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: உங்கள் தம்பி டெல்வின், இம்மாதம் மூன்றாம் தேதி காலை ஏழே கால் மணிக்கு, முழு ராகிக் களி உருண்டை ஒன்றை ஒரு தடவைகூட மெல்லாமல் விழுங்கி முடித்தான். இங்கே களியை மென்றால் குழந்தைகூடச் சிரிக்கும். மூன்று மாதம் மென்று மானம் போனவன் இப்போது விழுங்கி மீண்டிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்.

படிப்பும் நடக்கிறது. மெக்கானிக்கலை மெக்கானிக்கலாகவே படிக்கிறேன். காலேஜ் பஸ் சிப்காட் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கும் நேரத்தில் பாதிப் பாடம் முடிந்துவிடும். அப்பாவின் தாத்தா ரப்பர் மரம் வெட்ட மலேயாவுக்குப் புறப்பட்ட ஊர் என்பதால் எல்லாரும் எனக்கு ஏதோ ஒரு முறை. ஒருவர் கன்னடத்தில் நலம் கேட்பார், இன்னொருவர் தெலுங்கில் சாப்பிட்டாயா என்பார், நான் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு இரண்டு தடவை சாப்பிடுவேன். சொந்தங்களுக்கு நடுவே இருந்தால் வாலைச் சுருட்டிக்கொள்வேன் என்றுதானே அப்பா என்னை இங்கே படிக்க அனுப்பினார்? அவரிடம் அதைப் பற்றி இப்போது எதுவும் சொல்லாதே.

பெரியப்பாவின் மகன் விமல்ராஜ் அண்ணனைப் பற்றிப் போன தடவை சொன்னேன் அல்லவா? வனத்துறையில் யானை நடமாட்டம் பார்க்கும் தற்காலிகக் காவலர். இந்த ஊரில் யாரும் கடிகாரம் பார்த்துக் கொல்லைக்கு (வயலுக்கு இங்கே அதுதான் பெயர்) போவதில்லை. விடியற்காலையில் அண்ணன் காட்டோரம் ஒரு சுற்று சுற்றி வந்து ஊர்ப் புலனக் குழுவில் (இங்கே வாட்ஸப் என்றால்தான் புரியும்) குரல்செய்தி போடுவார். எழுத்தில் போட்டால் நம்ப மாட்டார்கள், அவர் குரல் வர வேண்டும். "ஆனை இல்ல, போலாம்" என்றால் ஊரே கிளம்பும். "இருங்க" என்றால் ஊரே உட்காரும். அந்தக் குரலை நான் அப்படியே பேசிக் காட்டுவேன். பெரியப்பாவே ஒரு நாள் ஏமாந்து, "டேய் விமலு, தண்ணி மோட்டர நிறுத்துடா" என்று என்னிடம் சொன்னார் என்றால் பார்த்துக்கொள்.

போன ஞாயிறு நடந்ததைக் கேள். ஆறு மணி, நல்ல பனி. குழுவில் அண்ணன் குரல்: "நாலு ஆனை, ஒரு குட்டி. யாரும் கொல்லைப் பக்கம் போவாதீங்க." பக்கத்து வீட்டு ஆஞ்சப்பன் மாமா ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி அனுப்ப வேண்டும் என்று அதற்கு முன்பே கொல்லைக்குப் போய்விட்டிருந்தார். செய்தியைக் கேட்டதும் தக்காளிக் குச்சிகளுக்கு நடுவே விழுந்தடித்து ஓடி, வரப்பிலிருந்து பண்ணைக்குட்டைப் பள்ளத்தில் விழுந்தார். "அய்யோ தேவுடா" என்று அவர் கத்தியது எங்கள் வீடு வரை கேட்டது. ஊரே வாசலில் உறைந்து நிற்க, ஒரே ஒருவன் கொல்லைக்குள் ஓடினான். அவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அந்த வீரன் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் கொல்லை வேலை கூடாதாம். அவர் மனைவி காவேரி அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாலு ஆனை நிக்குதுன்னு தெரிஞ்சும் ஓடுனியே சாமி, பெத்த புள்ளகூட யோசிச்சிருக்கும்" என்றார். தினமும் இரண்டு நாட்டுக்கோழி முட்டை கொடுத்துவிடுகிறார். இன்று காலைப் பூசையில் ஃபாதர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள்.

விமல் அண்ணன் கடைசிப் பெஞ்சில் இருந்தார். அவரும் தட்டினார்.

அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு ரேஞ்சர் விசாரிக்கிறார். காட்டில் ஒரு யானைத் தடமும் இல்லையே, ஏன் அப்படிச் செய்தி போட்டாய் என்று கேட்பார்கள். "பனியில எருமையப் பாத்து ஏமாந்துட்டேன்" என்று அண்ணன் ஊருக்குச் சொல்லிவிட்டார். ரேஞ்சரிடமும் அதையேதான் சொல்வார். எருமைக்கும் யானைக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு இந்த வேலையை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? வியாழக்கிழமை நிஜமாகவே ஓர் ஒற்றை யானை வந்தது. வேலை இல்லாவிட்டாலும் அண்ணன் போய்ப் பார்த்துவிட்டுச் செய்தி போட்டார். கீழே மூன்று பேர், "நிஜமாவா?" என்று கேட்டிருந்தார்கள். 

அக்கா, அது அவர் குரல் இல்லை.

அன்று பெரியப்பா நாற்பது பெட்டித் தக்காளி ஏற்ற வேண்டும், எழுந்து வா என்று சொல்லியிருந்தார். எனக்குத் தூங்க வேண்டும்போல் இருந்தது. அண்ணன் இன்னும் சுற்றுக்குக் கிளம்பவில்லை, தொட்டியடியில் குளித்துக்கொண்டிருந்தார், அவர் கைப்பேசி ஜன்னலில் இருந்தது. குட்டி ஒன்று சேர்த்தால் நம்புவார்கள் என்று அதையும் சேர்த்தேன். போர்வைக்குள் சிரித்துக்கொண்டே படுத்திருந்தேன், மாமா கத்தும் வரை.

அண்ணன் அந்தச் செய்தியை மூன்று தடவை கேட்டார். என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் பைக்கில் போகும்போதுதான் பேசினார்: "நீ படிக்க வந்தவன்டா. போலீசு, விசான்னு போனா உங்கப்பா தாங்க மாட்டாரு. வாயத் தொறக்காத." ஒரு திட்டுகூட இல்லை. திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லிச் சமாளித்திருப்பேன்.

நாளை நானும் போய் ரேஞ்சரிடம் சொல்லப் போகிறேன். இப்படி ஐந்து நாளாக, ஒவ்வொரு நாளும் 'நாளை' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உன்னிடம் போனில் பேசவில்லை. போனில் என்றால் பாதியில் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்திருப்பேன். கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டால் அழிக்க முடியாது. இது உன் கைக்கு வரும்போது நான் சொல்லியிருந்தால், அப்பாவிடம் மெதுவாக எடுத்துச் சொல். சொல்லாமல் இருந்திருந்தால், தயவுசெய்து அன்றே பெரியப்பாவுக்குப் போன் போட்டு இதை வரி விடாமல் படித்துக் காட்டு. நான் கெஞ்சினாலும் நிறுத்தாதே.

விமல் அண்ணனுக்காகவும் மாமாவின் காலுக்காகவும் வேண்டிக்கொள். எனக்காக வேண்டாம்.

இன்னொன்று. ஊரே பயந்து நின்றபோது நான் பயப்படாமல் ஓடினேன் என்று மேலே எழுதினேன் அல்லவா? ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும், அங்கே யானை இல்லை என்று.

உன் தம்பி,
டெல்வின்