உள்பக்கம் எரியும் விளக்கு

அப்பா,

நலம் விசாரிக்கப் போவதில்லை. நலமாகத்தான் இருக்கிறீர்கள்.

நம் பொம்மை ரயிலுக்கு லெவல் கிராசிங் கேட் செய்தோமே, நினைவிருக்கிறதா? காது குடையும் பஞ்சுக் குச்சியில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தோம். ரயில் நெருங்கினால் கேட் இறங்கி விளக்கு எரியும்படி நீங்கள் வயர் இழுத்தீர்கள். விளக்கை ஒட்டியது எட்டு வயது நான். சாலையைப் பார்த்து ஒட்ட வேண்டியதைத் தண்டவாளத்தைப் பார்த்து ஒட்டிவிட்டு அழுதேன்.

"விடும்மா. இப்படி ஒரு கேட் உலகத்துலயே நம்ம வீட்டுல மட்டும்தான் இருக்கு" என்றீர்கள்.

நேற்று லேபிலிருந்து ஒரு வீட்டுக்கு ரத்தம் எடுக்கப் போனேன். கூடத்தில் ஒரு சிறுமி பொம்மை ரயில் ஓட்டிக்கொண்டிருந்தாள். கேட் இறங்கியது. விளக்கு ரயிலைப் பார்த்து எரிந்தது.

"இவ அப்பா செஞ்சு குடுத்தது" என்றார் அந்தச் சிறுமியின் அம்மா. "லைட்ட திருப்பி வைங்கன்னா, நம்ம வீட்டுல மட்டும்தான் இப்படிம்பாரு. வெளியூர் வேலை, வாரத்துல மூணு நாள்தான் இங்க இருப்பாரு."

சுவரில் மாட்டியிருந்த அவர்கள் குடும்பப் படத்தில் நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். ஒரே குத்தில் நரம்பு கிடைத்துவிட்டது.

அம்மா இப்போது உங்கள் வெளியூர்ச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளிடம் நீங்களே சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை அந்தச் சட்டைகளுக்கு நடுவே வைக்கிறேன். அங்கே போய்த்தானே பெட்டியைத் திறப்பீர்கள்.

ஒரே பெண் என்று கேட்டதையெல்லாம் கொடுத்தீர்கள். விளக்கை ஒட்டிய அந்தத் தப்பு மட்டும் நானாகச் செய்தது. அதையாவது எனக்கே விட்டு வைத்திருக்கலாம்.

உங்கள் மூத்த மகள்