ஆஸ்பத்திரிக்குப் பூஜ்யம், மேலாளருக்கு ஏழு

பிரியமுள்ள ஸ்டெல்லா அக்காவுக்கு,

இறந்தவருக்கு எழுதும்போது புகழ்ந்து தொடங்குவதுதான் மரபு. உங்களைப் புகழப் போய்த்தான் இத்தனையும் கெட்டது. ஆகவே இந்த முறை நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு நீங்கள் கொடுத்து வைத்திருந்த பூஜ்யத்தை எடுத்துவிட்டோம். எடுத்த கை என்னுடையது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் நிறுவனம் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு இரண்டு வழியாகக் கேபிள் போட்டிருக்கிறது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் போவது குறுக்குவழி, தாராளமானது. வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று ஊர் சுற்றிப் போவது ஒடுக்கமானது. தகவலை அதன் இஷ்டத்துக்கு விட்டால் எல்லாம் குறுக்குவழியிலேயே போய் முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் ஒவ்வொரு வாடிக்கையாளரின் தகவலுக்கும் தலையில் ஒரு லேபிள் ஒட்டி, அது போக வேண்டிய பாதையை முன்கூட்டியே போட்டு வைப்போம். நடுவில் இருக்கும் ரூட்டர்கள் லேபிளை மட்டும் பார்த்து அடுத்த ஊருக்குத் தள்ளிவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று எதுவும் பிரித்துப் பார்க்காது. அலுவலகங்களில் கோப்பு நகர்வதும் இப்படித்தான், வேகம் மட்டும் வேறு.

இந்தப் பாதைகளுக்குப் பூஜ்யம் முதல் ஏழு வரை எண் உண்டு. குறுக்குவழி அறுந்து எல்லோரும் ஒடுக்கமான வழிக்கு வந்து நிற்கும்போது யாருக்கு இடம், யார் இறங்க வேண்டும் என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நீங்கள் கடலூர் பஸ் ஸ்டாண்டை வைத்துச் சொல்வீர்கள்.

"ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிக்கிறோம்ல, அதேதான். இங்க துண்டுல நம்பர் எழுதியிருக்கும். சின்ன நம்பர் துண்டு வந்தா, பெரிய நம்பர் ஆளு எழுந்துக்கணும். உக்காந்து தூங்கினு இருந்தாலும் சரி."

பூஜ்யம்தான் ராஜா, ஏழு கடைசி. இந்த முறையைக் கண்டுபிடித்தவர் நம் அலுவலகத்தைப் பார்த்திருக்க மாட்டார். எந்த மேலாளர் தன்னைப் பூஜ்யம் என்று எழுதிக்கொள்ளச் சம்மதிப்பார்?

2007-இல் நீங்கள் அந்தப் பாதைகளைப் போட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன். எண்களை முடிவு செய்ய மேலாளர் அறைக்குப் போனோம். அவர் சிதம்பரம் கிளையோடு தினமும் காலையில் வீடியோவில் கூட்டம் போடுவார். அதற்கும் ஒரு பாதை வேண்டும். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஸ்கேன் படங்கள் கடலூரில் இருக்கும் டாக்டருக்கு வந்து சேர வேண்டும். அதற்கும் ஒன்று.

"பூஜ்யத்துலேர்ந்து ஏழு வரைக்கும் இருக்குது சார். யாருக்கு எதுன்னு நீங்க சொல்லிட்டா..." என்று ஆரம்பித்தீர்கள்.

"இதெல்லாமா கேப்பாங்க? நமக்கு ஏழு போடும்மா."

"ஆஸ்பத்திரிக்கு சார்?"

"அவுங்க சலுகை ரேட்டுதானே? பூஜ்யம் போடு, போதும்."

நீங்கள் வாயைத் திறந்தீர்கள். பிறகு மூடிக்கொண்டு, "சரி சார்" என்றீர்கள். மேலதிகாரியின் உத்தரவு ஒரு புள்ளி பிசகாமல் நிறைவேற்றப்பட்டதை என் உத்தியோகத்தில் அன்றுதான் பார்த்தேன்.

அதன் பிறகு கேபிள் அறுந்தபோதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு அது தெரியவே தெரியாது. மேலாளரின் முகம் மட்டும் சிதம்பரம் திரையில் வாய் திறந்தபடி உறைந்து நிற்கும். "கேமரா சூடாயிடுச்சு போல சார்" என்பீர்கள். அவர் புதுக் கேமரா வாங்கினார். அதுவும் சூடானது. யாராவது பெரியவர்கள் வந்தால், "நம்ம மீட்டிங்குக்கு ஏழு குடுத்திருக்கோம், அதான் ஜாஸ்தி" என்று பெருமையாகச் சொல்வார். நான் காபி டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொள்வேன். நீங்கள் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

இந்த வருஷம் சித்திரையில் ஒரு காய்ச்சலில் போய்விட்டீர்கள். அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். யார் ஓய்வு பெற்றாலும் யார் போய்ச் சேர்ந்தாலும் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள், தெரியும்தானே. உங்களுடைய பொறுமை, உழைப்பு என்று எல்லோரும் சொல்லி முடித்திருந்தார்கள். கூட்டம் கொட்டாவி விட ஆரம்பித்திருந்தது. பூஜ்யம், ஏழு கதையை அவிழ்த்துவிட்டேன். அக்கா, அப்படி ஒரு சிரிப்பை நம் ஹால் கேட்டதில்லை. உங்கள் படத்துக்குப் போட்ட மாலை காற்றில் ஆடியது, எனக்கு அது கைதட்டல் மாதிரி இருந்தது. முன்வரிசையில் மேலாளர் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரித்தார்.

அடுத்த வேலை நாளில் கூப்பிட்டார்.

"குமாரு, அந்த நம்பர் கதை நெசமா?"

"நெசம்தான் சார்."

"மாத்திடு. எனக்கு பூஜ்யம், அவுங்களுக்கு ஏழு."

அன்று நீங்கள் சொன்ன அதே "சரி சார்" என் வாயிலிருந்தும் வந்தது. ஒரே சொல், இரண்டு பேர். நீங்கள் அதை வைத்து ஓர் ஆஸ்பத்திரியைக் காப்பாற்றினீர்கள். நான் அதை வைத்து என் நாற்காலியைக் காப்பாற்றிக்கொண்டேன்.

கோடை முழுக்க ஒன்றும் ஆகவில்லை. ஐப்பசி மழையில் ஆலப்பாக்கம் பக்கம் அடைத்த வாய்க்காலை வெட்டிவிட ஜேசிபி வந்தது. தண்ணீர் வடிந்தது, நம் கேபிளும் போயிற்று. எல்லாப் பாதைகளும் சேத்தியாத்தோப்பு பக்கம் திரும்பின. மேலாளரின் கூட்டம் துண்டு போட்டு உட்கார்ந்தது, ஆஸ்பத்திரி எழுந்து நின்றது. அன்றைய கூட்டத்தின் பொருள், தடையில்லாச் சேவை.

ஆஸ்பத்திரி ஸ்கேன் அறையிலிருந்து ஜாபர் போன் செய்தார். "சார், படம் போவமாட்டேங்குது சார். கீழவீதில ஒரு அம்மா மொபெட்லேர்ந்து வுழுந்துட்டாங்க, தலையில அடி. டாக்டர் அங்க பாத்து சொன்னாத்தான் இங்க கை வைப்பாங்க. சீக்கிரம் எதுனா பண்ணுங்க."

என் மேசையில் உட்கார்ந்தபடியே எண்ணை மாற்றியிருக்கலாம். போனைக் கீழே வைக்காமலே செய்யக்கூடிய வேலை. நான் எழுந்து மேலாளரிடம் அனுமதி கேட்கப் போனேன்.

வாசலில் பியூன் தனபால். "உள்ள மீட்டிங் சார். யாரையும் உடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"அந்த மீட்டிங்க நிறுத்தத்தான் தனபால் வந்தேன்."

"அத மீட்டிங் முடிஞ்சதும் கேளுங்க சார்."

நின்றேன். கதவின் கண்ணாடி வழியாக அவர் முகம் தெரிந்தது. துளிகூட உறையாமல் அழகாக அசைந்துகொண்டிருந்தது. கூட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்க, கூட்டம் முடியட்டும் என்று காத்திருந்த மனிதனைப் பற்றி வேறு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நான் எத்தனை மேடைகளில் அதைச் சொல்லிச் சிரிப்பு வாங்கியிருப்பேன்? அந்தக் கதையில் வாசலில் நிற்பவன் நானாக இருந்ததால் கதையாகத் தெரியவில்லை. ஒழுங்குமுறையாகத் தெரிந்தது.

கூட்டம் முடிந்தது, பாதை தானாகக் காலியானது. அனுமதி கேட்க ஒன்றும் மிச்சமில்லை. அதற்குள் ஜாபர் படத்தை ஃபிலிமில் எடுத்து, உறையில் போட்டுக்கொண்டு, ஸ்கேன் அறையைப் பூட்டிவிட்டுக் கடலூர் பஸ்ஸில் ஏறியிருந்தார். மழையில் பஸ் முழுக்கக் கூட்டம். நின்றுகொண்டே, உறையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வந்தாராம். கோடிக்கணக்கில் செலவழித்துப் போட்ட பாதையில் வராத படம் அரசு பஸ்ஸில் வந்து சேர்ந்தது. டாக்டர் பார்த்துப் போனில் சொன்னார். அந்தப் பெண் பிழைத்துவிட்டார். பேச்சு மட்டும் கொஞ்சம் தடுமாறுகிறதாம், சரியாகிவிடும் என்கிறார்கள். அந்தத் தாமதத்தால்தானா என்று ஜாபரிடம் கேட்டேன். "அத யாரு சார் சொல்ல முடியும்?" என்றார். அந்தப் பெண் பிழைத்ததில் நமக்குப் பங்கில்லை. தடுமாற்றத்தில் எவ்வளவு பங்கு என்பதுதான் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி புகார் கொடுத்தது. தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது. மேலாளர் ஒரு பதில் தயார் செய்து என் கையெழுத்துக்கு அனுப்பினார். மறைந்த பொறியாளர் ஆரம்பத்திலேயே எண்களைத் தலைகீழாக அமைத்திருந்ததால் வந்த குழப்பம் என்று அதில் இருந்தது. இறந்தவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள், சம்பளம் கேட்க மாட்டார்கள், தவறுக்கு அவர்களைப் போலத் தோதான ஊழியர் கிடையாது. நான் கையெழுத்துப் போடவில்லை. மறுக்கவும் இல்லை. மேசையில் வைத்து அதன் மேல் வேறு காகிதங்களை வைத்தேன்.

அந்த வாரம் செம்மண்டலத்தில் உங்கள் வீட்டுப் பக்கம் போனபோது உங்கள் கணவர் அருள் மாமா கேட்டருகில் நின்றிருந்தார். உள்ளே கூப்பிட்டுக் காபி போட்டார். நீங்கள் போடுவதைவிட மோசம், ஆனால் முயற்சி செய்கிறார்.

"மச்சான், உங்க அக்கா நம்பர தப்பா போட்டுட்டாளாமே? அதனாலதான் ஒரு பொம்பள சாவக் கெடந்துச்சாமே? உங்க ஆபீஸ் ஆளு மார்க்கெட்ல சொல்றாரு."

"அதெல்லாம் இல்ல மாமா. விசாரிக்கிறாங்க."

"அவ தப்பு பண்ணியிருந்தாலும் பரவால்ல. எனக்கு சொல்லிடு. நான் சர்ச்சுக்குப் போயி அவளுக்காக வேண்டிக்கிறேன்."

நான் "பாக்கலாம் மாமா" என்று சொல்லி, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். நீங்கள் செய்யாத பாவத்துக்காக அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாரோ என்று அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைக்கிறேன்.

நேற்றுக் காலை முதல் வேலையாக எண்களைப் பழையபடி மாற்றினேன். யாரிடமும் கேட்கவில்லை. பிறகு மேலாளர் அறைக்குப் போனேன். தனபால் ஏதோ சொன்னான், காதில் வாங்கவில்லை.

"சார், ஆஸ்பத்திரிக்குப் பூஜ்யம் போட்டுட்டேன். பூஜ்யம்தான் முதல். உங்களுக்கு ஏழு, அதுதான் கடைசி. ஸ்டெல்லாக்கா போட்டது சரி. நீங்க மாத்தச் சொன்னீங்க, நான் மாத்தினேன். பதில்ல அப்படித்தான் எழுதியிருக்கேன்."

கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்தம்மா அன்னிக்கே வெவரமா சொல்லியிருந்தா நானே ஆஸ்பத்திரிக்குக் குடுத்திருப்பேன்யா. அத்தன நாளும் ரெண்டு பேரும் என்னை வச்சு சிரிச்சீங்களா?"

"அவுங்க சிரிக்கல சார்."

"நீ?"

நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். நீங்கள் விவரமாகச் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பாரா அக்கா? நீங்கள் அன்று வாயைத் திறந்து மூடியபோது அதைத்தான் யோசித்தீர்களா? அப்போது தெரிந்துகொண்டே கொடுத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனால் கொடுக்கும் வாய்ப்பை அவருக்கு யாரும் தரவில்லை என்பதும் உண்மை. அவர் அசட்டுத்தனத்தை நான் ஒரு சொத்து மாதிரி பாதுகாத்தேன். அது தீர்ந்துபோனால் எனக்குச் சொல்லக் கதை இருக்காதே.

மாலையில் எனக்குப் பெண்ணாடத்துக்கு மாற்றல் வந்தது. சர்க்கரை ஆலை வாசனை பழகிவிடும் என்கிறார்கள். என் பதில் நான் எழுதியபடியே தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. ஏழு கடைசி என்பது இன்று தனபாலுக்குக்கூடத் தெரியும். மேலாளருக்கும் தெரியும். நீங்கள் ஒரு மனிதரின் அறியாமைக்குப் பின்னால் அந்த ஆஸ்பத்திரியை ஒளித்து வைத்திருந்தீர்கள். அந்த மறைவிடத்தை நான் உடைத்துவிட்டேன், திரும்பக் கட்ட முடியாது. இனிமேல் அந்தப் பூஜ்யத்தை எடுக்கிறவர், என்ன எடுக்கிறோம் என்று தெரிந்துதான் எடுக்க வேண்டும். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

பெண்ணாடம் போவதற்கு முன் செம்மண்டலம் போகிறேன். அருள் மாமாவை உட்காரவைத்து, நீங்கள் போட்டது சரி, மாற்றியது நான், வாசலில் நின்றதும் நான் என்று சொல்லப்போகிறேன். நடுவில் ஒரு வேடிக்கையும் சேர்க்க மாட்டேன். அவர் சிரித்தால் நான் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம், மறுபடி முதலிலிருந்து சொல்வேன்.

உங்கள் தம்பி,
குமரவேல்