பிள்ளைக்கு ஒன்றும் ஆகாத நாவல்கள்

அக்கா,

இன்று காலை புத்தக அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பழைய நாவல் ஒன்றை எடுத்து உதறியதும் உள்ளேயிருந்து ஒரு சீட்டு விழுந்தது. அந்தக் காலத்தில் வெளியூர் அழைப்புகளைக் குறித்துக்கொள்கிற ட்ரங்க் கால் சீட்டு. முன்பக்கம் யாரோ ஒரு பருத்தி வியாபாரி கோயம்புத்தூருக்குக் கேட்ட எண். பின்பக்கம், இடப்பக்கமாகச் சாய்ந்த உங்கள் கையெழுத்து: "62லிருந்து 70 வரை படிக்க வேண்டாம். மத்ததைத் தைரியமாப் படி."

துடைத்த துணியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சீட்டில் பேனா அழுத்திய தடம் இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகிறது.

முகம் தெரியாமல் மூன்று வருஷம் பழகியவர்கள் நாம். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், நீங்கள் ராஜபாளையத்தில். இடையில் அரை மணி நேர பஸ் பயணம்தான். ஆனாலும் நமக்கு இருந்தது ஒரு கம்பி மட்டுமே. பகல் இரண்டு மணிக்கு மேல் மில்காரர்களும் வியாபாரிகளும் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் போர்டில் அழைப்பு விளக்கு ஒன்றும் எரியாது. அப்போது உங்கள் குரல் வரும். "லைன் டெஸ்ட். என்ன படிச்சுக்கிட்டு இருக்கே?"

வாரப் பத்திரிகைத் தொடர்கதையைத் தவிர வேறொன்றும் படிக்காதவள் நான். நீங்களோ மாதம் ஒரு முறை மதுரைக்குப் போய்ப் புதிதாக வந்த நாவல்களை வாங்கி வருவீர்கள். புதிது மட்டும்தான். "போய்ச் சேந்தவிய எழுதுனதைப் பிள்ளைக பள்ளிக்கூடத்துல படிக்கட்டும். நம்மகூட இருக்கிற ஆளுக என்ன எழுதுதாகன்னு பாக்க வேண்டாமா?" என்பீர்கள். படித்து முடித்ததும் லைன்மேன் பையில் எனக்கு வந்துவிடும்.

ஒரு நாவலையும் நீங்கள் கதையாகச் சொன்னதில்லை. அடுத்த தெரு ஆட்களைப் பற்றிப் புகார் சொல்வது போலச் சொல்வீர்கள். கண்மாய் ஏலம் எடுக்கிற அண்ணன் தம்பிகளைப் பற்றிய நாவலை அனுப்பியபோது, "அந்த ரெண்டாவது தம்பியை மட்டும் நம்பாதே. செருப்பைக்கூட வாசல்ல விடாம உள்ள கொண்டு போறான்" என்றீர்கள். மெட்ராஸ் விடுதியில் தங்கியிருக்கும் டைப்பிஸ்ட் பெண்ணைப் பற்றிய நாவலுக்கு, "அவ வாயைத் தொறந்தாப் பொய். ஆனா எதுக்குச் சொல்லுதான்னு தெரிஞ்சா நீ அவகிட்டச் சண்டைக்குப் போக மாட்டே" என்றீர்கள். அன்று நான் ஹெட்செட்டைச் சரிசெய்வது போல இருந்துவிட்டேன்.

ஏனென்றால் நானும் உங்களிடம் ஒரு பொய் சொல்லியிருந்தேன். பழகிய முதல் வாரத்திலேயே கேட்டீர்கள், "பிள்ளைக எத்தனை?" என்று. "ஒரே பையன். சீனு. ஒண்ணாப்பு போறான்" என்றேன்.

சீனு அதற்கு முந்தைய வருஷமே போய்விட்டான். நாலு வயசு. மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். எங்கள் ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். நான் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். என் எதிரில் யாரும் தங்கள் பிள்ளைகளைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். வீட்டில் என் கணவர் அவன் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார். விஷயம் தெரியாத ஒரே ஆள் நீங்கள். அந்தக் கம்பியின் மறுமுனையில் மட்டும் அவன் இருந்தான். உயிரோடு இருந்திருந்தால் அந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருப்பான். அதனால் அப்படிச் சொன்னேன். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. உங்கள் காதில் அவன் ரெண்டாம் வகுப்புக்குப் போனான், மூன்றாம் வகுப்புக்குப் போனான். "கணக்குல எம்புட்டு வாங்கினான்?" என்று கேட்பீர்கள். "அறுபத்தஞ்சு" என்பேன். நூறு என்று சொல்ல ஏனோ மனசு வராது. "போதும் போ. கணக்குப் போடவா பொறந்தான்" என்று சிரிப்பீர்கள்.

அப்புறம்தான் அந்த ரயில்வே கேட்கீப்பர் குடும்பத்து நாவலை அனுப்பினீர்கள். "இந்த வருஷம் இதைவிட நல்ல நாவல் வரப்போறதில்ல. அழுதா என்னைத் திட்டாதே" என்று மட்டும் சொன்னீர்கள். பாதியில் கேட்கீப்பரின் மகனுக்குக் காய்ச்சல் வருகிறது. அவன் தாய் ஈரத்துணியை நெற்றியில் மாற்றி மாற்றிப் போடுகிறாள். துணி காய்வதை வைத்தே அவள் மணிக்கணக்கை அறிகிறாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது அக்கா. அதை எழுதியவருக்கு எப்படித் தெரிந்தது? புத்தகத்தை மூடி அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகினேன்.

மறுநாள் நீங்கள் லைன் டெஸ்ட் என்றதும், "எந்த நம்பர் வேணும்?" என்றேன். மூன்று வாரம் அப்படியே போனது. எண்ணைத் தவிர வேறு பேச்சு இல்லை. "ஏட்டி, நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று ஒரு நாள் கேட்டீர்கள். நான் போர்டிலிருந்து இணைப்பு வயரைப் பிடுங்கிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்களே பஸ் ஏறி வந்துவிட்டீர்கள். லைன்மேனிடம் விலாசம் வாங்கியிருந்தீர்கள். கதவைத் திறந்தது என் கணவர். அடுப்படியிலிருந்து எனக்குக் கேட்டது.

"யாரு வேணும்?"

"சீனு வீடு இதானே?"

நான் ஓடி வந்தபோது நீங்கள் உள்ளே வந்து நின்றிருந்தீர்கள். கனமான உடம்பு, வெயிலில் கறுத்த முகம். அந்தக் குரலுக்கு நான் நினைத்து வைத்திருந்த ஆளே இல்லை. கையில் கலர் பென்சில் டப்பா. உங்கள் பார்வை சுவரில் மாலை போட்டிருந்த படத்தில் இருந்தது. "அய்யோ தேவுடா" என்று உங்கள் வீட்டுத் தெலுங்கில் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

பொய்யை மறைக்க ஒரு வழியும் இல்லாமல் நின்றேன். ஏன் என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன். திரும்பிப் போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"காப்பி போடு. சீனி கொஞ்சம் தூக்கலா."

காப்பியோடு வந்ததும் டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டீர்கள்: "அவனுக்கு என்ன கலர் பிடிக்கும்?"

வாசல்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற என் கணவர்தான் சொன்னார்.

"செகப்பு."

பிறகு அவரே வந்து தரையில் உட்கார்ந்தார். தேர் இழுப்பதைப் பார்த்துவிட்டு வந்து, தீப்பெட்டியில் நூலைக் கட்டி வீடு முழுக்க சீனு இழுத்துத் திரிந்ததைச் சொன்னார். அவர் விட்ட இடத்திலிருந்து நான் சொன்னேன். அன்று மூன்று பேரும் சிரித்தோம். நாலு வருஷத்தில் அந்த வீட்டில் அது முதல் தடவை. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேக்காமக் குடுத்துட்டேன்" என்றீர்கள். அந்தக் கேட்கீப்பர் நாவலைச் சொல்கிறீர்கள் என்று எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு உங்கள் சிபாரிசெல்லாம் மாறிப்போனது. எந்த நாவலைச் சொன்னாலும் முதல் வார்த்தை அதுதான். "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, படி." ஆகிற மாதிரி இருந்தால் பக்க எண் எழுதிய சீட்டு உள்ளே இருக்கும். அந்தப் பக்கங்களில் நடப்பதை நீங்களே கம்பியில் சுருக்கமாகச் சொல்லிவிடுவீர்கள். மழைமானி பார்க்கிற குமாஸ்தாவின் கதையும், அணை கட்ட ஊரைக் காலி செய்கிறவர்களின் கதையும், மாமியாரும் மருமகளும் சேர்ந்து சைக்கிள் கடை வைக்கிற கதையும் எனக்குக் கிடைத்தது அப்படித்தான். எனக்காக எத்தனை நாவலை நீங்கள் பென்சிலும் கையுமாக இரண்டாம் முறை படித்தீர்களோ!

தொண்ணூறுகளில், ஆபரேட்டர் இல்லாமலே வெளியூருக்குப் பேசுகிற எஸ்.டி.டி. வந்தது. நம் போர்டுகளை மூடினார்கள். ஆளுக்கொரு கவுன்டரில் உட்கார வைத்தார்கள். நமக்கு அது பெரிய நஷ்டமில்லை. ஞாயிறுதோறும் நேரிலேயே பார்த்துக்கொண்டோம்.

சில வருஷம் கழித்து உங்கள் வயிற்றில் கட்டி என்று டாக்டர்கள் சொன்னார்கள். இரண்டு முறை அறுத்தும் அடங்கவில்லை. புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்கக் கைக்கு வலு இல்லாதபோது, "நீ வாசி, நான் கேக்கேன்" என்றீர்கள். இந்த முறை நாவலைத் தேர்ந்தெடுக்கும் வேலை எனக்கு வந்தது. அப்போதுதான் தெரிந்தது, அது எவ்வளவு கஷ்டம் என்று. எந்த நாவலை எடுத்தாலும் யாரோ ஒருவர் நோயில் கிடந்தார்கள். கடைசியில் ஒரு வக்கீல் குடும்பத்து நாவலை எடுத்து, முந்தின நாளே வீட்டில் படித்து, பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"நில்லு. கதவைத் தட்டுனது யாருன்னே சொல்லல. அதுக்குள்ள அவ அடுப்படியில நிக்கா. எத்தனை பக்கம் தாவுனே?"

"மூணு."

"யாரு செத்தா?"

"அவ அம்மா."

"என்ன நோவு?"

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். உங்களுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலிக்கும் என்று வயிற்றில் கை வைத்துக்கொண்டே சிரித்தீர்கள்.

"உன்னை ஏன் பக்கம் விட்டுப் படிக்கச் சொன்னேன்? நீ படிக்கையில நான் பக்கத்துல இல்ல. ஏழெட்டு மைல் தள்ளிக் கம்பியில இருந்தேன். நீ இப்போ இங்கனதானே இருக்கே? வாசி."

வாசித்தேன். மூன்று பக்கத்தையும் வாசித்தேன். இடையில் நான் நிறுத்தியபோது நீங்கள் அவசரப்படுத்தவில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கான். ஆனா மருந்து வாடையை விட்டுட்டான்" என்றீர்கள். "மேல போ."

அந்த நாவலை முடித்துவிட்டோம். இன்னொன்றைத் தொடங்கவில்லை.

எனக்கு இப்போது பென்ஷன் வாழ்க்கை. என் அலமாரி தெருவில் எல்லாருக்கும் தெரியும். கிருஷ்ணன்கோவில் காலேஜில் வேலை பார்க்கும் ஒரு பெண், முப்பது வயசு இருக்கும், மாடியில் குடிவந்திருக்கிறாள். போன வாரம் இறங்கி வந்து, "ஆன்ட்டி, நல்ல நாவலா ஒண்ணு சொல்லுங்களேன். தூக்கமே வர மாட்டேங்குது" என்றாள். என் கை அலமாரிக்குப் போய்விட்டது. இந்த ஐந்தாறு வருஷத்தில் வந்தவற்றில் எனக்கு உயிரான நாவல் ஒன்று, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினேன்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் காப்பி போட எழுந்தேன். அவள் பேசி முடித்தபோது தெருவிளக்கு எரிந்துவிட்டது. அன்று அவள் புத்தகம் எதுவும் எடுத்துப் போகவில்லை.