மஞ்சள் துணி

ஆடி 9, வெள்ளி

எழுதினாலாவது எரிச்சல் அடங்குமா என்று பார்க்கிறேன்.

தெருவில் நான் நட்ட கன்றுகளில் கேபிள் பள்ளத்துக்கும் ஆட்டுக்கும் தப்பியது அந்த ஒரு வேம்புதான். அதையும் யாராவது பிடுங்கிவிடப் போகிறார்களே என்று போன மாதம் நானே ஒரு மஞ்சள் துணியைக் கட்டிவிட்டேன். நினைத்தபடியே ஒருவரும் கை வைக்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம்.

இன்று சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு வந்தால், கன்றைச் சுற்றி மேடை! தண்டை ஒட்டிச் சிமெண்ட் பூசி, டைல்ஸும் பதித்தாயிற்று. பக்கத்து வீட்டு மெக்கானிக் குமார்தான் முன்னால் நின்று எல்லாம் செய்கிறார்.

"வேருக்குத் தண்ணி இறங்க இடம் விடுங்க குமார். செடி காஞ்சிடும்."

"இன்னா சார், ஆத்தாவப் போயி செடின்ற? தெனம் கொடம் கொடமா பால் ஊத்தப் போறோம். தண்ணி இன்னாத்துக்கு?"

பொறுக்க முடியாமல், துணி கட்டியதே நான்தான் என்று கத்திவிட்டேன். குமார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்ப ஆத்தா மொதல்ல உன் கனாவுலதான் வந்துகீறா சார்!"

காலையில் முதல் குடம் பால் நான்தான் ஊற்ற வேண்டுமாம்.